ஃபிலிம் கிளப்பில் பிரிட்டிஷ், ஐரிஷ் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரின் ஃபிலிம் கிளப்பில், படம் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருக்கிறேன். இந்த சீசனில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சுயாதீனமாக எடுக்கப்பட்ட படங்களை மட்டுமே போடுவது என்று முடிவானதிலிருந்து, பக்கத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், நண்பர்களின் நண்பர்கள், ஊரிலிருந்து படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

ஃபிலிம் கிளப்னா என்ன? அதுவும் ஒரு தியேட்டர்தானே?

தியேட்டர் இல்லை. ஊர் மக்கள் சிலர் சேர்ந்து, ஒரு கம்யூனிட்டி ஹாலையோ தேவாலய மண்டபத்தையோ நூலகத்தின் மாடியையோ வாடகைக்கு எடுத்து, திரையும் புரொஜெக்டரும் வைத்து, முறையாக உரிமம் வாங்கிப் படம் காட்டுவதுதான் ஃபிலிம் கிளப். லாப நோக்கம் கிடையாது. நாற்காலி போடுவதிலிருந்து இடைவேளையில் டீ போட்டுக் கொடுப்பது வரை எல்லாம் தன்னார்வலர்கள்தான்.

இதற்கு நல்ல பழைய வரலாறு உண்டு. 1925-இல் லண்டனில் ஃபிலிம் சொசைட்டி என்ற அமைப்பு தொடங்கியது. எழுத்தாளர்கள் எச்.ஜி.வெல்ஸும் பெர்னார்ட் ஷாவும் அதன் ஆரம்ப உறுப்பினர்கள். தணிக்கை வாரியம் மறுத்த படங்களையும், வியாபாரம் ஆகாது என்று தியேட்டர்கள் ஒதுக்கிய படங்களையும் உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டினார்கள். பிரிட்டனில் தடை செய்யப்பட்டிருந்த சோவியத் படம் 'பேட்டில்ஷிப் போட்டெம்கின்' 1929 நவம்பரில் அங்கேதான் திரையிடப்பட்டது. அதே நிகழ்ச்சியில் ஜான் கிரியர்சனின் 'டிரிஃப்டர்ஸ்' முதல்முறையாகக் காட்டப்பட்டது. வட கடலில் ஹெர்ரிங் மீன் பிடிப்பவர்களைப் பற்றிய படம், பிரிட்டிஷ் ஆவணப்பட இயக்கமே அதிலிருந்து கிளம்பியது என்பார்கள். டப்ளினில் 1936-இல் ஐரிஷ் ஃபிலிம் சொசைட்டி தொடங்கியது. இன்று ஒரு ஊர் ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்து படம் பார்ப்பது இந்த வரிசையில் வருகிற விஷயம்தான்.

மெம்பர் ஆனாத்தான் உள்ளே விடுவீங்களா?

கிளப்புக்குக் கிளப் மாறும். சிலவற்றில் ஆண்டுச் சந்தா கட்டினால் சீசன் முழுக்கப் பார்க்கலாம், விருந்தினராக ஒருவரைக் கூட்டி வரலாம். சிலவற்றில் வாசலில் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் நுழையலாம். எங்களிடம் இரண்டும் உண்டு. முதல் தடவை வருபவர்கள் சந்தாவைப் பற்றி யோசிக்காமல் சும்மா வாருங்கள்.

இண்டிபெண்டன்ட் படம்னா கம்மி பட்ஜெட் படம்தானே?

பெரும்பாலும் பட்ஜெட் கம்மியாகத்தான் இருக்கும். ஆனால் அளவுகோல் அது இல்லை. பெரிய ஸ்டுடியோ பணம் போட்டு, கதையிலும் கடைசி எடிட்டிலும் அதற்கே கடைசி வார்த்தை என்று இருந்தால் அது ஸ்டுடியோ படம். பிரிட்டனில் சுயாதீனப் படத்துக்குப் பணம் வருகிற வழி வேறு: லாட்டரிப் பணத்தைப் பகிர்ந்து தரும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், பிபிசியின் திரைப்படப் பிரிவு, சேனல் 4 தொலைக்காட்சியின் ஃபிலிம்4, அப்புறம் வரிச்சலுகை. அயர்லாந்தில் ஸ்கிரீன் அயர்லாந்து என்ற அரசு அமைப்பும் செக்‌ஷன் 481 என்ற வரிச்சலுகையும். இப்படி நாலு இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத்தான் ஒரு படம் உருவாகிறது.

இதில் தொலைக்காட்சியின் பங்கை நாம் குறைத்து எடை போடக் கூடாது. சேனல் 4 ஆரம்பித்தது 1982 நவம்பரில். ஹனீஃப் குரேஷி எழுதி ஸ்டீஃபன் ஃபிரியர்ஸ் இயக்கிய 'மை பியூட்டிஃபுல் லாண்டரெட்' (1985) அதற்காக 16 மி.மீ. ஃபிலிமில் டிவி படமாக எடுக்கப்பட்டதுதான். எடின்பரோ விழாவில் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் தியேட்டருக்கே போனது. அரசுப் பணமும் டிவியும் இல்லையென்றால் நாங்கள் இந்த சீசனில் போடும் படங்களில் பாதி இருந்திருக்காது.

பிரிட்டிஷ், ஐரிஷ் இரண்டையும் ஏன் ஒண்ணாப் போடுறீங்க? ஒரே நாடா?

இல்லவே இல்லை. அயர்லாந்து குடியரசு தனி நாடு, அதன் சினிமாவும் தனி வரலாறு உள்ளது. ஒன்றாகப் போடுவதற்குக் காரணம் நடைமுறைதான். பல படங்கள் இரு நாட்டுப் பணத்திலும் எடுக்கப்படுகின்றன, நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் இரண்டு பக்கமும் வேலை செய்கிறார்கள், பல விநியோகஸ்தர்கள் இரண்டையும் ஒரே சந்தையாக நடத்துகிறார்கள்.

ஆனால் ஐரிஷ் படத்தை பிரிட்டிஷ் படம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். அயர்லாந்தில் தங்கள் கதையைத் தாங்களே படமாக்கப் பட்ட பாடு சாதாரணமில்லை. 1980-களின் தொடக்கத்தில் ஐரிஷ் ஃபிலிம் போர்டு அமைந்தது. சில படங்கள் வந்தன. 1987-இல் அரசு அதை மூடிவிட்டது. திரும்பத் திறந்தது 1993-இல். இடைப்பட்ட காலத்தில்தான் 'மை லெஃப்ட் ஃபுட்' (1989) வந்து டேனியல் டே லூயிஸுக்கும் பிரெண்டா ஃபிரிக்கருக்கும் ஆஸ்கர் வாங்கித் தந்தது. அப்படி ஒரு வெற்றி வந்த பிறகும் வாரியம் மீண்டும் உயிர் பெற நாலு வருடம் ஆனது. 2018-இல்தான் அது ஸ்கிரீன் அயர்லாந்து என்று பெயர் மாறியது.

இந்தப் படங்கள் எல்லாம் ரொம்ப மெதுவா, அழுகாச்சியா இருக்குமாமே?

சில படங்கள் அப்படித்தான், மறைக்க வேண்டியதில்லை. வறுமை, வேலையின்மை, குடி, நோய் எல்லாம் வரும். ஆனால் மெதுவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இயக்குநர் கென் லோச் தன் படங்களைக் கதை போகிற வரிசையிலேயே படம்பிடிப்பார், அடுத்து என்ன நடக்கும் என்பதை நடிகர்களுக்கு முன்கூட்டியே முழுதாகச் சொல்ல மாட்டார். இன்னொரு இயக்குநர் மைக் லீ எழுதி முடித்த ஸ்கிரிப்டோடு ஆரம்பிப்பதே இல்லை. நடிகர்களோடு மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, அந்தப் பாத்திரங்கள் வாழ்ந்து வந்த கதையை அவர்களோடு சேர்ந்தே உருவாக்கி, அதிலிருந்துதான் காட்சிகளை எடுப்பார். அப்படி உருவான 'சீக்ரெட்ஸ் அண்ட் லைஸ்' 1996-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனையை வாங்கியது. அதில் இரண்டு பெண்கள் ஒரு காபிக் கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் காட்சி வெட்டே இல்லாமல் நீளமாகப் போகும். ஒருத்தி முகத்தில் ஒரு பழைய ஞாபகம் மெல்ல ஏறிவருவதை அவ்வளவு நேரம் கொடுத்தால்தான் பார்க்க முடியும்.

சிரிக்கவும் நிறைய இருக்கிறது. பில் ஃபோர்சைத்தின் 'கிரெகரிஸ் கேர்ள்' (1981) ஸ்காட்லாந்தில் கம்பர்னால்ட் என்ற புதுநகரத்தில் நடக்கும் பள்ளிக்கூடக் கதை. ஃபுட்பால் டீமில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்ட பெண்ணையே விழுந்து விழுந்து காதலிக்கும் பையன். அதைப் பார்த்து முகம் மலராதவர் இருக்க முடியாது. அயர்லாந்தின் 'தி கார்ட்' (2011) வேறு மாதிரியான சிரிப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது.

இங்கிலீஷ் தெரியும், ஆனா அவங்க பேசுற இங்கிலீஷ் புரியலையே. சப்டைட்டில் போடுவீங்களா?

போடுவோம். டிவிடி, புளூ-ரேயில் காது கேளாதோருக்கான ஆங்கில சப்டைட்டில் பெரும்பாலும் இருக்கும். காது மந்தமான மூத்த உறுப்பினர்களே அதை விரும்புகிறார்கள், ஆகவே கேட்கத் தயங்காதீர்கள்.

இன்னொன்று, இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். லோச்சின் 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' (2002) ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றுக்கரையில் கிரீனாக் பகுதிப் பேச்சில் எடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் வெளியானபோது அதன் தொடக்கப் பகுதிக்கு ஆங்கிலத்துக்கே ஆங்கில சப்டைட்டில் போட்டார்கள், காது பழகட்டும் என்று. மதுரைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் போல இங்கேயும் ஊருக்கு ஊர் பேச்சு மாறுகிறது. அந்தப் பேச்சை மழுக்காமல் வைப்பதுதான் இந்தப் படங்களின் பெரிய மரியாதை. பத்து நிமிடம் பொறுங்கள், பிடிபட்டுவிடும்.

ஐரிஷ் மொழியிலேயே படம் இருக்கா? அதை யாராவது பேசுறாங்களா?

இருக்கிறது, பேசுகிறார்கள். மேற்குக் கரையோரத்தில் கேல்டாக்ட் எனப்படும் பகுதிகளில் அது அன்றாட மொழி. முழுநீளப் படம் முழுக்க ஐரிஷில் முதலில் எடுத்தவர் பாப் குவின், 1978-இல் 'பொச்சீன்'. கள்ளச்சாராயம் காய்ச்சும் கிழவர், அவர் மகள், அவரிடம் சரக்கு வாங்கி விற்கும் இரண்டு போக்கிரிகள். சுற்றுலா விளம்பரங்கள் காட்டும் பச்சைப் பசேல் அயர்லாந்து அதில் கிடையாது. தேசியத் தொலைக்காட்சியில், நாட்டின் பெருநாளான புனித பேட்ரிக் தினத்தன்று போட்டதும் பலருக்குக் கோபம் வந்தது.

அதன் பிறகு நீண்ட இடைவெளி. 2017-இல் ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டிஜி4-உம் ஃபிலிம் வாரியமும் சேர்ந்து சினே4 என்ற நிதித் திட்டத்தைத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அதிலிருந்து வந்ததுதான் கொலம் பரேட் இயக்கிய 'அன் காலீன் கியூன்' (2022), ஆங்கிலத்தில் 'தி கொயட் கேர்ள்'. கிளேர் கீகனின் குறுநாவல். 1981 கோடையில், பிள்ளைகள் நிறைந்த ஏழை வீட்டிலிருந்து ஒரு சிறுமியைத் தூரத்து உறவினர் வீட்டில் விடுகிறார்கள், அங்கே முதல்முறையாக அவளை யாரோ கவனிக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஐரிஷ் மொழிப் படம் இது. உறவினர் வீட்டில் வளர்ந்த அனுபவம் உள்ளவர்கள் நம்மில் நிறையப் பேர், ஒரு கைக்குட்டையோடு வாருங்கள்.

எதுவுமே பாத்ததில்லை. முதல்ல எதுக்கு வரலாம்?

இரண்டு படங்கள் சொல்வேன். ஒன்று, மேலே சொன்ன 'தி கொயட் கேர்ள்'. இன்னொன்று மார்க் ஜென்கின் எடுத்த 'பெய்ட்' (2019).

'பெய்ட்' கார்ன்வாலில் ஒரு மீன்பிடி ஊரில் நடக்கிறது. படகு இல்லாத மீனவன் மார்ட்டின். அப்பாவின் படகில் சகோதரன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிறான். துறைமுகத்தை ஒட்டிய பிறந்த வீட்டை லண்டன்காரர்கள் வாங்கி விடுமுறை இல்லமாக்கி, அலங்காரத்துக்கு வலையும் மிதவையும் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடற்கரை ஊர்களைத் தெரிந்த எவருக்கும் இந்தக் கோபம் விளங்கும். படத்தை ஜென்கின் சாவி கொடுத்து ஓடும் போலெக்ஸ் கேமராவில், கறுப்பு வெள்ளை 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, ஃபிலிமைத் தன் கையாலேயே கழுவினார். கேமராவோடு சேர்த்து ஒலிப்பதிவு கிடையாது, பேச்சும் ஓசையும் எல்லாம் பிறகு சேர்த்ததுதான். அதனால் திரையில் கீறலும் மினுக்கும் வரும். புரொஜெக்டர் கோளாறு என்று எழுந்து வந்து சொல்ல வேண்டாம், படமே அப்படித்தான். அந்தப் பழைய தோற்றத்துக்குள் இன்றைய வீட்டுவிலைச் சண்டை நடப்பதுதான் அதன் வலு. அறிமுகப் படைப்பாளிக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் சினிமா விருதும் வாங்கியது.

இந்த இரண்டும் பிடித்துப்போனால் அடுத்தபடி பில் டக்ளஸ். ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் தான் வளர்ந்த கதையை 'மை சைல்ட்ஹூட்' (1972), 'மை ஐன் ஃபோக்' (1973), 'மை வே ஹோம்' (1978) என்று மூன்று படங்களாக எடுத்தார். மூன்றையும் சேர்த்தாலும் மூன்று மணி நேரம் வராது. பிரிட்டிஷ் சினிமாவில் எனக்கு இதற்கு மேலே வைக்க எதுவும் இல்லை.

பிள்ளைகளைக் கூட்டிட்டு வரலாமா?

சான்றிதழைப் பாருங்கள். பிரிட்டனில் யு, பிஜி, 12ஏ, 15, 18. பெரியவர் கூட வந்தாலும் 15 சான்றிதழ் படத்துக்குப் பதினான்கு வயதுப் பிள்ளையை எங்களால் விட முடியாது. அயர்லாந்தில் கொஞ்சம் வேறு, அங்கே 15ஏ என்று ஒன்று உண்டு, பெரியவரோடு வந்தால் அனுமதி. எங்கள் சீசனில் பிள்ளைகளுக்கென்றே கில்கென்னி நகரின் கார்ட்டூன் சலூன் எடுத்த 'சாங் ஆஃப் தி சீ' (2014) இருக்கிறது. கையால் வரைந்த அனிமேஷன், கடல்நாய் மனிதர்கள் பற்றிய நாட்டுப்புறக் கதை.

கெட்ட வார்த்தைக்காகவே 18 கொடுப்பாங்களா?

கொடுத்ததுண்டு. 'ஸ்வீட் சிக்ஸ்டீன்' பதின்வயதுப் பையனைப் பற்றிய படம், அதில் நடித்த பையன்களே தியேட்டரில் பார்க்க முடியாத நிலை. ஆனால் இங்கே கடைசி அதிகாரம் தணிக்கை வாரியத்துக்கு இல்லை, உள்ளூர் கவுன்சிலுக்கு. கதை நடக்கும் இன்வர்கிளைடு பகுதி கவுன்சில் அதை 15 ஆக்கியது. அதேபோல ஷேன் மெடோஸின் 'திஸ் இஸ் இங்லண்ட்' படத்துக்கு வாரியம் 18 கொடுத்தபோது பிரிஸ்டல் கவுன்சில் 15 என்றது. இனவெறிக் கும்பல் ஒரு சிறுவனை எப்படி இழுத்துக்கொள்கிறது என்பதுதான் அந்தப் படம், அந்த வயதினர் பார்க்க வேண்டியது. பிரிஸ்டல் செய்தது சரி.

என்கிட்டயே டிவிடி இருக்கு, ஃப்ரீயா போட்டுக் காட்டினா என்ன தப்பு?

டிவிடி வாங்கினால் வீட்டில் பார்க்கும் உரிமைதான் வருகிறது. ஹாலில் ஊராருக்குக் காட்டினால், காசு வாங்காவிட்டாலும் பொதுத் திரையிடல். அதற்குத் தனி உரிமம் வேண்டும். ஸ்ட்ரீமிங் கணக்கை புரொஜெக்டரில் மாட்டுவதும் இதே கணக்குத்தான்.

உரிமம் வாங்குவது கஷ்டமில்லை. பெரும்பாலான படங்களுக்கு ஃபிலிம்பேங்க்மீடியா போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன, சின்னப் படங்களுக்கு விநியோகஸ்தரிடமே நேராகக் கேட்கலாம். டிக்கெட் விற்றால் குறைந்தபட்சக் கட்டணம் அல்லது வசூலில் ஒரு பங்கு, எது அதிகமோ அது. படத்தில் வரும் இசைக்கு, இசையமைப்பாளர்களின் உரிமையைப் பார்க்கும் பிஆர்எஸ் அமைப்பின் உரிமம் தனி. ஹாலுக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

அப்போ நாங்க கொடுக்குற காசு டைரக்டருக்குப் போகுதா?

நேராகப் போகாது. மேலே சொன்ன பங்கு விநியோகஸ்தருக்குப் போகிறது, அவர் செலவைக் கழித்து மீதியைத் தயாரிப்பாளருக்குத் தருவார், முதலீடு போட்டவர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு மாலை வசூலில் இயக்குநர் கைக்கு வருவது சொற்பம். ஆனால் மல்டிபிளெக்ஸில் ஒரு வாரம், அதுவும் மத்தியானக் காட்சி மட்டும் ஓடி இறங்கும் படம், ஊர் ஊராகக் கிளப்புகளில் ஒரு வருடம் ஓடுகிறது. பார்வையாளர் கிடைத்தார்கள் என்பதுதான் அடுத்த படத்துக்கு நிதி கேட்கப் போகும்போது அவர் கையில் இருக்கும் ஆதாரம்.

'பேன்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்' இண்டிபெண்டன்ட் கணக்கில் வருமா? டிஸ்னி பணமாச்சே?

நல்ல கேள்வி, எங்கள் குழுவிலேயே இது வாக்குவாதம் ஆனது. அதைத் தயாரித்த சர்ச்லைட் நிறுவனம் டிஸ்னிக்குச் சொந்தமானது, ஃபிலிம்4-உம் அந்தப் படத்தில் சேர்ந்திருக்கிறது. இயக்குநர் மார்ட்டின் மெக்டோனா லண்டனில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். படம் எடுத்தது இனிஷ்மோர், அக்கில் தீவுகளில். மேலே சொன்ன அளவுகோலின்படி பணத்தைப் பார்த்தால் ஸ்டுடியோ, எழுத்தைப் பார்த்தால் முழுக்க ஒரு மனிதரின் படம். தகுதி இல்லை என்பதல்ல, அது எல்லா தியேட்டரிலும் ஓடிவிட்டது, எங்கள் உதவி அதற்குத் தேவையில்லை. அந்த நாளை 'கேரேஜ்' (2007) படத்துக்குக் கொடுத்தோம். லென்னி ஏப்ரஹாம்சன் இயக்கியது. கிராமத்துப் பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் தனி மனிதனாக, நகைச்சுவைக்குப் பேர்போன பேட் ஷார்ட் நடித்திருப்பதைப் பார்க்கவே வரலாம்.

பெல்ஃபாஸ்ட்ல எடுத்த படம் பிரிட்டிஷா ஐரிஷா?

பெல்ஃபாஸ்ட் இருக்கும் வட அயர்லாந்து, அயர்லாந்து தீவில் இருந்தாலும் ஐக்கிய ராச்சியத்தைச் சேர்ந்தது. ஆகவே படத்தைக் கேளுங்கள். 'நீகேப்' (2024) பெல்ஃபாஸ்டில் ஐரிஷ் மொழியில் ராப் பாடும் மூவர் கதை, இயக்கியவர் இங்கிலாந்தில் பிறந்தவர், பணம் இரண்டு பக்கமும் வந்தது, ஆஸ்கருக்கு அயர்லாந்து சார்பில் போனது. எந்தப் பெட்டியில் போடுவது என்பதே வட அயர்லாந்தில் அரசியல். எங்கள் நிகழ்ச்சிநிரலில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுகிறோம்.

நம்ம மாதிரி ஆட்கள் இந்தப் படங்கள்ல இருக்காங்களா?

தெற்காசியர்கள் இருக்கிறார்கள். குரேஷியின் படத்தை ஏற்கெனவே சொன்னேன். குரிந்தர் சட்டாவின் 'பாஜி ஆன் தி பீச்' (1993) பர்மிங்ஹாமிலிருந்து பிளாக்பூல் கடற்கரைக்கு ஒரு நாள் உல்லாசப் பயணம் போகும் பெண்கள். கிளியோ பார்னார்டின் 'அலி அண்ட் ஆவா' (2021) பிராட்ஃபோர்டில் நடக்கும் நடுவயதுக் காதல். ஈழத்தமிழர் என்று தேடினால் 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.' (2018) என்ற ஆவணப்படம் உண்டு. பாடகி எம்.ஐ.ஏ. இளம் வயதில் தானே எடுத்து வைத்திருந்த வீடியோக்கள், லண்டன் வீட்டில் குடும்பம் பேசிக்கொள்வது, இலங்கைப் பயணம் எல்லாம் அதில் வரும். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எடுக்கும் கதைப்படங்கள் இன்னும் நிறைய வர வேண்டும். வரும்போது முதல் திரையிடலுக்கு எங்கள் ஹால் தயார்.

படம் முடிஞ்சதும் எழுந்து கருத்துச் சொல்லணுமா? கூச்சமா இருக்கு.

வேண்டாம். வாசலில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்போம், அதில் மதிப்பெண்கள் அச்சிட்டிருக்கும், உங்கள் மதிப்பெண் இருக்கும் இடத்தில் கிழித்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். அதைக் கூட்டித்தான் அடுத்த சீசன் படங்களை யோசிக்கிறோம். பேச விரும்புபவர்கள் டீயோடு நின்று பேசுவார்கள். ரொம்பக் குறைந்த மதிப்பெண் போட்டவரிடம்தான் நான் முதலில் போய் நிற்பேன், ஏன் பிடிக்கவில்லை என்று அவர் சொல்வது பாராட்டைவிட உபயோகமானது.

எங்க ஊர்லயும் ஆரம்பிக்கலாமா? கவுன்சில்ல பர்மிஷன் வாங்கணுமா?

தாராளமாக ஆரம்பியுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் ஒரு சலுகை இருக்கிறது. கம்யூனிட்டி ஹால் போன்ற இடத்தில், லாப நோக்கமில்லாமல், காலை 8 மணிக்கும் இரவு 11 மணிக்கும் இடையில், 500 பேருக்கு மிகாமல், வயதுச் சான்றிதழைக் கடைப்பிடித்து, ஹால் பொறுப்பாளரின் சம்மதத்தோடு காட்டினால் கவுன்சிலின் பொழுதுபோக்கு உரிமம் தேவையில்லை. பட உரிமம் இதில் அடங்காது, அது மேலே சொன்னபடி தனி. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு, அங்கே கவுன்சிலிடம் கேட்டுவிடுங்கள்.

வழிகாட்ட பிரிட்டனில் சினிமா ஃபார் ஆல் என்ற அமைப்பும், அயர்லாந்தில் ஆக்சஸ் சினிமாவும் இருக்கின்றன. இரண்டும் ஃபிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்பாகத் தொடங்கியவை, உபகரணத்திலிருந்து படம் புக் செய்வது வரை உதவுவார்கள். போஸ்டர் அடிப்பதற்கு முன்னால் ஹாலை ஒரு மாலை திறந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து பேச்சு தெளிவாகக் கேட்கிறதா என்று பாருங்கள். ஜன்னல்களுக்குக் கனமான திரைச்சீலை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜூன் மாதத்தில் இங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், பெரும்பாலான கிளப்புகள் செப்டம்பரில் தொடங்கி வசந்தத்தோடு நிறுத்திக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.